108 பயிற்சிக்குப் போகும் முன் கையைப் பழக்குங்கள்

எங்கள் பக்கத்தில் இருந்து 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் (இஎம்டி) வேலைக்கான அடுத்த பேட்ச் பயிற்சிக்குத் தேர்வானவர்கள் சிலர் போனில் பேசினார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, போறதுக்கு முன்னாடி எந்த புக் படிக்கணும்?" ஆளுக்கு ஒரு தடவை சொல்வதைவிட இங்கே எழுதிவிட்டால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது, அதனால்தான் இந்தப் பதிவு.

புத்தகம் பற்றிக் கவலையே வேண்டாம். பாடம் எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். வீட்டில் இருக்கும் இந்தக் கொஞ்ச நாளில் பழக்க வேண்டியது உங்கள் கை, காது, கால், வாய். இவை வகுப்பில் உட்கார்ந்தால் வராது, தினமும் செய்தால்தான் வரும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹைதராபாத்தில் 2005 ஆகஸ்டில் தொடங்கிய 108 சேவை, தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 அன்று ஓட ஆரம்பித்தது. வண்டியில் இரண்டு பேர் இருப்போம். ஓட்டுநரை நாங்கள் பைலட் என்போம், நோயாளியோடு பின்னால் இருப்பவர் மருத்துவ உதவியாளர், அதாவது இஎம்டி. இந்த வேலைக்கு நர்சிங் படித்தவர்கள் மட்டும்தான் வர முடியும் என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பி.எஸ்சி நர்சிங், ஜிஎன்எம், ஏஎன்எம் என்ற நர்சிங் படிப்புகள், டிஎம்எல்டி என்ற லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் மாதிரி பட்டம் வாங்கியவர்களையும் எடுக்கிறார்கள். நானே விலங்கியல்தான். எழுத்துத் தேர்வு, உடற்கூறியல் முதலுதவி பற்றிய நேர்முகம், அப்புறம் மனிதவளத் துறை நேர்முகம். இதெல்லாம் தாண்டினால் 50 நாள் அளவுக்கு வகுப்பு, மருத்துவமனை, வண்டி என்று பயிற்சி.

50 நாள் என்பது கேட்க நீளமாக இருக்கும், உள்ளே போனால் ஓடிவிடும். மாரடைப்பு, பக்கவாதம், வலிப்பு, விபத்து, தீக்காயம், விஷம், பிரசவம், பச்சிளம் குழந்தை என்று ஒவ்வொரு நாளும் ஒரு மலையை இறக்கி வைப்பார்கள். பல்ஸ் பார்ப்பது எப்படி என்று அங்கே போய்த்தான் தொடங்குவேன் என்றால் மற்றதைக் கவனிக்க மனதில் இடம் இருக்காது. அடிப்படைக் காரியங்களைக் கை தானாகச் செய்கிற அளவுக்குப் பழகிவிட்டால், வகுப்பில் காதைத் திறந்து வைத்து உட்காரலாம்.

மூச்சை எண்ணுவதில் இருந்து ஆரம்பியுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு, பல்ஸ் 60 முதல் 100 வரை. பிறந்த குழந்தைக்குப் பல்ஸே 120-க்கு மேல் ஓடும், மூச்சு நிமிடத்துக்கு 60 வரைகூடப் போகலாம். இந்த எண்களை மனப்பாடம் செய்வது ஐந்து நிமிட வேலை. ஒருவரின் மூச்சை எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரிந்த மறுகணமே மூச்சு மாறிவிடும், அங்கேதான் சிக்கல். அதனால் மணிக்கட்டைப் பிடித்துப் பல்ஸ் பார்ப்பது போலவே இருந்துகொண்டு கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் டிவி பார்க்கும் அப்பாவிடம் செய்து பாருங்கள், தூங்கும் அக்கா குழந்தையிடம் செய்து பாருங்கள். குழந்தைகள் விட்டுவிட்டு மூச்சு வாங்கும், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பிவிடும், முழு நிமிடம் எண்ண வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உடம்புக்குள் ஏதோ கெட்டுப்போகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சுதான். அதை எண்ணுவதற்குத்தான் எந்தக் கருவியும் நம்பகமாக உதவுவதில்லை. பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் ஆக்ஸிஜன் 96 என்று காட்டும், ஆள் நிமிடத்துக்கு 34 மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

அடுத்தது பிரஷர். ஒரு ஸ்டெதஸ்கோப்பும் கையால் காற்றடிக்கும் பிபி கருவியும் வாங்கிவிடுங்கள், விலை குறைந்ததே போதும். பட்டன் அழுத்தினால் எண் காட்டும் மெஷின் வேண்டாம். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டையைச் சுற்றி, மடிப்பின் உள்பக்கம் துடிப்பைத் தேடி, அங்கே ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மணிக்கட்டுப் பல்ஸ் மறைந்த அளவுக்கு மேல் இன்னும் 20, 30 ஏற்றி, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். விநாடிக்கு இரண்டு மூன்று அளவுதான் முள் இறங்க வேண்டும். முதல் சத்தம் கேட்பது மேல் எண், சத்தம் மறைவது கீழ் எண். படிக்கும்போது எளிது. ஓடும் வண்டியில், சைரன் அலறும்போது, ரோட்டில் பள்ளம் வரும்போது அந்தச் சத்தம் எங்கே போயிற்று என்றே தெரியாது. நாங்கள் நோயாளியின் கையை எங்கள் தொடைமேல் வைத்துக்கொண்டு குதிகாலை லேசாகத் தூக்கிக்கொள்வோம், தரையின் அதிர்வு குழாய்க்குள் கொஞ்சம் குறைவாக ஏறும். அப்படியும் கேட்கவில்லை என்றால் மணிக்கட்டில் விரலை வைத்து, காற்றை இறக்கும்போது பல்ஸ் எந்த இடத்தில் திரும்பி வருகிறதோ அதை மேல் எண்ணாகக் குறித்துக்கொள்வோம். இந்த இரண்டு முறையையும் வீட்டில் உள்ளவர்கள், பக்கத்து வீட்டுப் பாட்டி, தெருக்கோடித் தாத்தா என்று எல்லோரிடமும் செய்து பாருங்கள். குண்டான கை, எலும்பும் தோலுமான கை, வளையல் போட்ட கை, எல்லாம் வேறு வேறு. இன்னொன்று, அவர்களுக்கும் அது பிடிக்கும். உட்கார வைத்துக் கையைப் பிடித்து அக்கறையாகப் பார்க்க ஆள் கிடைத்தால் எந்தப் பாட்டிதான் வேண்டாம் என்பாள்?

அடுத்து சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது. பயிற்சியில் பொம்மையை வைத்து முட்டி தேய்கிற அளவுக்குச் செய்ய வைப்பார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தம் கொடுத்தால் 2 மூச்சு, ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். வீட்டில் இதை உயிருள்ள மனிதர்மீது பழகவே கூடாது, விலா எலும்பு உடையும், இதயத் துடிப்பே தடம் மாறலாம். தரையில் இறுக்கமான தலையணையைப் போட்டு, போனில் சீராக டக் டக் என்று தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 110-இல் வைத்து, முழங்கையை மடக்காமல், இடுப்பில் இருந்து உடம்பின் பாரம் இறங்குகிற மாதிரி இரண்டு நிமிடம் செய்து பாருங்கள். ஒரு நிமிடம் தாண்டியதும் வேகம் தானாகக் குறைவதும் ஆழம் போவதும் தெரியும். வாயால் சத்தமாக எண்ணிக்கொண்டே செய்யுங்கள். கூட இருப்பவருக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிய அதுதான் வழி, எண்ணிக்கொண்டே அழுத்துவதற்குத் தனியாக மூச்சு பழக வேண்டும்.

உடம்பு பலம் வேண்டுமா என்று பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள். வேண்டும், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, படிக்கட்டுத் திருப்பத்தில் இரண்டு சைக்கிள், ஒரு தண்ணீர் டிரம். அதில் 80 கிலோ மனிதரை இறக்க வேண்டும். படியில் இறக்கும்போது கால் முன்னால், ஏற்றும்போது தலை முன்னால், எப்போதும் தலைப்பக்கம் உயரத்தில் இருக்க வேண்டும். தலைமாட்டில் இருப்பவருக்குத்தான் பாரம் அதிகம். ஜிம்முக்குப் போக வேண்டும் என்றில்லை, 20 லிட்டர் தண்ணீர் கேனை வைத்தே பழகலாம். முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்கார்ந்து, கேனை உடம்போடு ஒட்டிப் பிடித்து, தொடை பலத்தில் எழுந்திருங்கள். தூக்கிக்கொண்டு இடுப்பை மட்டும் திருப்பக் கூடாது, கால் பாதத்தோடு திரும்ப வேண்டும். இந்த வேலையில் பல சீனியர்கள் முதுகு வலியோடுதான் காலத்தை ஓட்டுகிறார்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தினமும் மாடிப்படி ஏறி இறங்குங்கள், மூச்சு வாங்காமல் பேசுகிற அளவுக்கு வரும்வரை.

அப்புறம் வாய். நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட இதில் தடுமாறிப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் போனால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இரண்டு பேர் அழுவார்கள், ஒருவர் ஏன் இவ்வளவு லேட் என்று சண்டைக்கு வருவார். அதற்கு நடுவில் என்ன ஆயிற்று, எப்போது ஆரம்பித்தது, இதற்கு முன் என்ன நோய், என்ன மாத்திரை, எதுவாவது ஒத்துக்கொள்ளாதா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று வாங்க வேண்டும். "நெஞ்சு வலிக்குதா?" என்று நாமே எடுத்துக் கொடுத்தால் ஆமாம் என்பார்கள். "என்ன பண்ணுதுன்னு நீங்களே சொல்லுங்கப்பா" என்று விட்டுவிட்டு, சில விநாடி வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாயுப் பிடிப்பு என்று சொல்லி சோடாவும் இஞ்சிச் சாறும் குடித்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கும் 55 வயதுக்காரருக்கு வந்திருப்பது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சிரைப்புமாக வரலாம். ரோட்டோரம் உளறிக்கொண்டு கிடப்பவரைக் குடித்திருக்கிறார் என்று கூட்டம் சொல்லும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தால் ஆபத்தான அளவுக்கு இறங்கி 40-க்குக் கீழே இருக்கும். கூட்டம் சொல்வதை நம்பி விட்டுவிட்டு வந்தால் அவர் விடிவதற்குள் செத்துப்போகலாம். குடித்த வாடையே அடித்தாலும் சர்க்கரை பார்க்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கேட்பதற்குப் பழக்கம் வேண்டும் என்றால், வீட்டில் யாருக்காவது தலைவலி, வயிற்று வலி என்றால் முழுக் கதையையும் கேட்டு எழுதிப் பாருங்கள். பிறகு அதை அரை நிமிடத்தில் இன்னொருவரிடம் சொல்லுங்கள். கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டரிடம் ஒப்படைக்கும்போது அவ்வளவு நேரம்தான் கிடைக்கும்: வயது, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, நாம் பார்த்தது, நாம் செய்தது. எத்தனை மணிக்கு என்பதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விட்டுவிடாதீர்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார் எப்போது பார்த்தார்கள் என்பதில் இருந்து அந்தக் கடிகாரம் ஓடுகிறது. விபத்து என்றால் நோயாளியின் நகை, போன், பணம் எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். அதோடு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரில் இருந்து இருக்கிறது. பதறிப்போன குடும்பத்துக்கு அதை எடுத்துச் சொல்வதும் நம் வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

பிரசவம் பற்றித்தான் எல்லோருக்கும் பயம், ஆண் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். 108-க்கு வரும் அழைப்புகளில் கர்ப்பிணிகள் கணிசம், அதனால் இதில் இருந்து யாரும் தப்ப முடியாது. ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது பிரசவம், கிராமத்தில் இருந்து ஜிஎச் போகும் வழி. பாதி தூரத்தில் அந்தப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்து "வந்துருச்சுக்கா" என்றாள். இரண்டாவது குழந்தைக்காரி அப்படிச் சொன்னால் நம்ப வேண்டும். பைலட் அண்ணனிடம் சொன்னேன், அவர் ஓரமாக நிறுத்தி உள்ளே எல்லா விளக்கையும் போட்டு, சொல்லாமலே ஏசியை அணைத்தார். குழந்தை ஈரத்தோடு வரும், குளிர் அடித்தால் உடம்பு சட்டென்று சில்லிட்டுவிடும். தலை தெரிந்தது. இழுக்கக் கூடாது, ஒரு கையால் கீழே தாங்கி, தலை வேகமாகப் பாய்ந்து வராமல் மறு கையை லேசாக வைத்தால் போதும். கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று, தளர்வாக இருந்தது, விரலை விட்டுத் தலைக்கு மேலாகக் கழற்றினேன். தோள் வந்ததும் முழுக் குழந்தையும் ஒரே வழுக்கலில் வந்துவிடும், மேலே இருக்கும் வெள்ளை மாவு கையுறையில் சோப்பு மாதிரி வழுக்கும், அதனால் கையில் துண்டு இருக்க வேண்டும். அழவில்லை. துண்டால் முதுகை அழுத்தித் துடைத்தேன், பாதத்தைச் சுண்டினேன். வீல் என்று கத்தினான். அம்மா நெஞ்சுமேல் போட்டு இருவரையும் சேர்த்துப் போர்த்திவிட்டு, கொடியில் துடிப்பு நிற்கும்வரை காத்திருந்து, இரண்டு கிளாம்ப் (கவ்வி) போட்டு நடுவில் வெட்டினேன். நஞ்சுக்கொடியை இழுக்காமல், வயிற்றில் கையை வைத்து ரத்தப்போக்கைக் கவனித்துக்கொண்டே வண்டியை எடுக்கச் சொன்னேன்.

அன்றைக்கு நான் புதிதாக எதையும் யோசிக்கவில்லை. துண்டு, கிளாம்ப், கத்தரி, சளியை உறிஞ்சும் சக்ஷன் எல்லாம் எந்தத் தட்டில் எந்த வரிசையில் இருக்கிறது என்று ஷிஃப்ட் ஆரம்பத்தில் தொட்டுப் பார்த்திருந்தேன். அவ்வளவுதான். இப்போதே உங்கள் வீட்டு முதலுதவிப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பழகுங்கள், சிரிப்பாக இருக்கும், ஆனால் செய்யுங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் கணக்கும் போட்டுப் பாருங்கள். பி டைப் சிலிண்டரில் நிரம்ப இருந்தால் ஏறக்குறைய 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம், பாதிதான் இருக்கிறது என்றால் அதில் பாதி. மாவட்ட மருத்துவமனையில் இருந்து மெடிக்கல் காலேஜுக்கு ஆளை மாற்றும்போது இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பாம்புக்கடிக்கு மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள், ஏனென்றால் ஊரில் நம்மிடம் சண்டை போடுவார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதனால் பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவரச் சொல்லி நேரத்தைப் போக்க வேண்டியதில்லை. கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயை வைத்து உறிஞ்சக் கூடாது. மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கி வர வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியும் தடமும் தெரியாது, விடிகாலையில் வயிற்று வலி என்பார், கண் இமை தொங்கும். அந்த இமையைப் பார்த்தால் ஆம்பு பேக், அதாவது கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை, கையில் இருக்க வேண்டும். அந்த விஷமுறிவு மருந்தைத் தயாரிக்க வேண்டிய பாம்பு விஷத்தில் பெரும்பகுதி நம் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்துதான் போகிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கொண்டாடினோம், அவர்கள் எடுத்துக் கொடுப்பதை வைத்துத்தானே நாங்கள் கொண்டுபோகும் ஆட்கள் பிழைக்கிறார்கள்.

சிலர் மெதுவாகக் கேட்டார்கள், ரத்தம் பார்த்தால் தலை சுற்றுமே, சாவைப் பார்த்தால் தாங்க முடியுமா என்று. மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் நாட்களில் காலைச் சாப்பாட்டை விடாதீர்கள், வெறும் வயிற்றில்தான் பலர் சரிந்து விழுகிறார்கள். தலை சுற்றினால் சொல்லிவிட்டு உட்காருங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சாவு வேறு விஷயம். நாம் போவதற்கு முன்பே நின்றுபோன இதயங்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை, எவ்வளவு சரியாக அழுத்தினாலும். அதிலும் குழந்தை என்றால் வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்காது. அந்த மாதிரி நாளில் பைலட்டோடு ஒரு டீக்கடையில் நின்று பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அதே கேஸைப் பார்த்த இன்னொரு மனிதர் அவர் ஒருவர்தான். வீட்டில் இப்போதே ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள், சில நாள் நான் பேசாமல் இருப்பேன், கேள்வி கேட்காதீர்கள் என்று.

வேலை 12 மணி நேர ஷிஃப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். பெண்கள் வீட்டில் இதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள், பயிற்சி முடிந்து முதல் இரவு ஷிஃப்ட் வரும்போது பஞ்சாயத்து வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பட்டை உள்ள, வழுக்காத, முழுதாக மூடிய ஷூ வாங்குங்கள், விநாடி முள் உள்ள சாதாரண வாட்ச் ஒன்றும்.

ஹெபடைடிஸ் பி ஊசி போடாதவர்கள் இந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது என்று கணக்கு இருப்பதால், பயிற்சிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஊசியும் ரத்தமுமாகப் புழங்கும் முதல் சில மாதங்கள் பாதுகாப்பு முழுமையாக இல்லாமலே ஓடிவிடும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள், ஞாபகம் இல்லை என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். வேறு சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பதில் போடுகிறேன்.